நாறும் பை

ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை. அங்கே மரவள்ளிக் கழிவிலிருந்து வரும் வாயுவைக் கழுவி, கரியமில வாயுவும் நாற்றமும் நீக்குவது அங்கம்மாளின் வேலை. அந்த வாயுவை நகரத்து எரிவாயுக் குழாயில் சேர்க்க, குழாய் நிறுவனத்து மேலதிகாரி சபாநாயகம் கையெழுத்திட வேண்டும். மறுத்தால் அவள் வேலை போய்விடும்.

வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டே காரிலிருந்து இறங்கினார்.

"என் குழாயில வர்றது பூமிக்கடியில பிறந்த சுத்தமான வாயு. உன் சாக்கடை வாயுவை அதுல கலக்கவா? மோந்து பார்ப்பேன். துளி நாத்தம் இருந்தாலும் கையெழுத்துக் கிடையாது!"

"சரிங்க சார். ரெண்டையும் பையில பிடிச்சு வைக்கிறோம். நாறுற பையை ஆகாதுன்னு எழுதிக் குடுத்துருங்க," என்றாள் அங்கம்மாள்.

அவருடன் வந்த பொறியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆலையிலும் அதன் வாசலில் போகும் நகரக் குழாயிலுமாக ஒரு வெள்ளைப் பையையும் ஒரு மஞ்சள் பையையும் நிரப்பி வந்தார்.

சபாநாயகம் வெள்ளைப் பையை முகர்ந்தார். ஒரு வாசனையும் இல்லை. "இதுதான் என் வாயு!"

மஞ்சள் பையை முகர்ந்ததும் முகம் கோணியது. "சீ, அழுகின முட்டைக்கோஸ்!" குழாய்க்கு லாயக்கில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"ஏனுங்க சார், மஞ்சப்பை உங்க குழாயில பிடிச்சதுங்க. கசிஞ்சா தெரியட்டும்னு உங்க ஆளுங்கதான் நாத்த மருந்து கலக்குறாங்க. இப்ப ஊருக் குழாயை மூடிரலாங்களா, இல்ல எங்களுக்கும் கொஞ்சம் நாத்தம் குடுக்குறீங்களா?"

சபாநாயகம் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் கேட்டார்.

நகரத்து அடுப்புகளில் இப்போது மரவள்ளி நீலமாய் எரிகிறது. முறைப்படி நாறவும் நாறுகிறது.