பந்தை வாங்க வந்தவர்

கொம்பையா பதினேழு வருஷம் நெல்லை மாவட்ட பேஸ்பால் அணிக்கு கேட்சராக இருந்தார். பிறகு பன்னிரண்டு வருஷம் அதே அணிக்கு மேனேஜர். மூன்று முறை மாநிலக் கோப்பையைக் கொண்டுவந்தார். ஆனால் பழைய ஆட்கள் கூடி உட்கார்ந்தால் அந்த மூன்றைப் பற்றிப் பேசமாட்டார். மேனேஜரான முதல் வருஷம் ஈரோட்டில் தோற்ற அரையிறுதியைப் பற்றித்தான் பேசுவார். அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும்.

அவருடைய குரு ஜெபசிங் சார். பாளையங்கோட்டையில் பி.டி. வாத்தியாராக இருந்தவர். அவரும் ஒரு காலத்தில் கேட்சர், அப்புறம் மேனேஜர். வலது கையில் இரண்டு விரல்கள் ஒடிந்து கோணலாகச் சேர்ந்திருக்கும். அந்தக் கையால்தான் சாக்பீஸ் பிடித்துக் கட்டம் வரைந்து ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பார்.

கொம்பையா அவரிடம் வந்தபோது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தார். பந்து எறிகிறவன் பிட்சர். அடிக்கிறவனுக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தியிருந்து அதைப் பிடிக்கிறவன் கேட்சர். அந்த வேலைக்கு யாரும் வராததால் அது கொம்பையாவுக்குக் கிடைத்தது.

முதல் வாரத்தில் முட்டி வலி தாங்கவில்லை.

"எல்லாரும் நின்னு ஆடுதாங்க. நான் மட்டும் ஏன் சார் குந்தணும்?"

சார் அவரை எழுப்பினார். மைதானத்தைச் சுற்றி நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொருவர் நிற்கும் இடத்திலும் கொஞ்ச நேரம் நிற்கவைத்தார். கடைசியில் கேட்சர் இடத்துக்குக் கொண்டுவந்து விட்டார்.

"இங்கன இருந்து யாரெல்லாம் தெரியுதாங்க?"

"எல்லாரும் தெரியுதாங்க சார்."

"அவங்களுக்கு?"

"நான்தான் தெரிவேன்."

"அப்போ குந்து."

கொம்பையா குந்தினார். அடுத்த பதினேழு வருஷம் எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம்.

அதில் பதினான்கு வருஷம் அவர் பிடித்தது சாலமோனின் பந்தை. சாலமோன் நல்ல உயரம். பேச்சு குறைவு. ஆரம்பத்தில் தொடைகளுக்கு நடுவே விரல் காட்டி, இன்ன மாதிரி எறி என்று கொம்பையா சொல்ல வேண்டியிருந்தது. நாளாக நாளாக விரலே தேவைப்படவில்லை. சாலமோன் தோளை இறக்கும் விதத்திலேயே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும். வெளியூர் ஆட்டங்களுக்கு முன்பதிவில்லாத பெட்டியில்தான் போவார்கள். சாமான் மூட்டையைத் தலைக்கு வைத்து ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொள்வார்கள். சாலமோனின் அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தை சாத்தூர் வருவதற்குள் இரண்டு பேரும் முடித்துவிடுவார்கள். அந்த அம்மா இறந்தபோது கொம்பையா மொட்டை போடட்டுமா என்று கேட்டார். எங்கள் வழக்கத்தில் அது கிடையாது என்று சாலமோன் சொன்ன பிறகே விட்டார்.

முப்பத்தாறு வயதில் முட்டி போய்விட்டது. இனிக் குந்தக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சங்கத்தார் அவரையே மேனேஜராக்கினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, யாரை இறக்குவது, யாரை எடுப்பது என்று தீர்மானிக்கிற வேலை.

பெஞ்சில் அவருக்கு உட்காரத் தெரியவில்லை. நுனியிலேயே இருப்பார். வேறொருவன் முகமூடி போட்டுக் குந்தியிருப்பதைப் பார்க்கும்போது அவருடைய விரல்கள் தாமாகத் தொடைகளுக்கு நடுவே போய் இரண்டைக் காட்டும். யாரும் பார்ப்பதற்குள் கையை மடக்கிக்கொள்வார்.

ஈரோட்டு அரையிறுதியில் கடைசி இன்னிங்ஸ். நெல்லை ஒரு ரன் முன்னால். எதிரணியில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவனை அவுட்டாக்கினால் இறுதி ஆட்டம். ஜெபசிங் சார் காலத்துக்குப் பிறகு நெல்லை இறுதிக்குப் போனதே இல்லை.

சாலமோன் ஆட்டம் தொடங்கியதிலிருந்து எறிந்துகொண்டிருந்தார். கை தளர்ந்துவிட்டது. பந்து தோளுக்கு மேலே மேலே போயிற்று. நாலு பந்து அப்படித் தப்பிப் போனால் அடிக்கிறவன் சும்மாவே, ரன்னுக்காகச் சுற்றிவரும் முனைகளில் முதலாவதான முதல் பேஸுக்கு நடந்துவிடலாம். இரண்டு பேர் அப்படி நடந்துபோய் நின்றிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே செண்பகராமன் என்ற இன்னொரு பிட்சர் கையைச் சுழற்றிச் சூடேற்றிக்கொண்டு தயாராக இருந்தான்.

பேஸ்பாலில் ஒரு வழக்கம் உண்டு. பிட்சரை மாற்ற வேண்டுமானால் கூப்பிட்டுச் சொல்வதில்லை. மேனேஜரே உள்ளே நடந்துபோய் அவன் கையிலிருக்கும் பந்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கொம்பையா எழுந்தார். ஒரு காலைக் கோட்டுக்கு அப்பால் வைத்தார். சாலமோன் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பார்வையைப் பதினான்கு வருஷம் முகமூடிக் கம்பி வழியாகப் பார்த்திருக்கிறார். வராதே என்று சொல்வதாக நினைத்தார். காலைப் பின்னுக்கு எடுத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த பந்தை எதிரணிக்காரன் இடது மூலைக்கு அடித்தான். பேஸில் நின்றிருந்த இரண்டு பேரும் ஓடிவந்து சேர்ந்தார்கள், இரண்டு ரன். ஆட்டம் முடிந்தது.

திரும்பும் ரயிலில் ஆளுக்கொரு மூலையில் படுத்துக்கொண்டார்கள். கரூர் தாண்டி சாலமோன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, நான் உன்னப் பாத்தேம்லா."

"பாத்தே."

"ஏன் வரல?"

"வர வேண்டாம்னு நீ சொல்லுதேன்னு நெனச்சேன்."

சாலமோன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை செத்துப்போச்சு. பந்து எங்க போகுதுன்னு எனக்கே தெரியல. நீ வந்து வாங்கிட்டுப் போயிருவேன்னுதான் நின்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மதுரையில் டீ குடிக்க இறங்கினார். அப்புறம் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

அந்த வாரமே சங்கத்துக்கு ஒரு கடிதம் போயிற்று. சிநேகிதத்துக்காக அணியைத் தோற்கடித்தார், வேறு மேனேஜர் வேண்டும் என்று ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து செண்பகராமனுடையது. சாலமோனின் கையெழுத்து அதில் இல்லை. ஆனால் அவர் பயிற்சிக்கும் வரவில்லை.

கொம்பையா ராஜினாமாக் கடிதத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை ஜெபசிங் சார் வீட்டுக்குப் போனார். சார் கோயில் ஆராதனை முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையைக் கூட மாற்றாமல், அவித்த பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். கோணல் விரல்களால் நாரை எடுப்பதற்கு நேரம் பிடித்தது.

கொம்பையா எல்லாவற்றையும் சொன்னார். சார் அடுத்த கிழங்கை எடுத்தார்.

"நான் போய்ப் பந்தை வாங்கியிருக்கணுமா சார்?"

"வாங்கியிருந்தா?"

"ஜெயிச்சிருக்கலாம்."

"நான் ஒரு தடவ வாங்கினேன்" என்றார் சார்.

சார் நாரை இழுத்துப் போட்டார்.

"சேலத்துல. இறுதி ஆட்டம். தவசிமுத்து எறிஞ்சிக்கிட்டிருந்தான். நீ அவனப் பாத்திருக்க மாட்டே. அவன் பந்தப் பிடிக்கும்போது கையில சத்தமே கேக்காது, அப்படி வந்து உக்காரும். அன்னைக்கு ரெண்டு பந்து தப்பிப்போச்சு. நான் உள்ள போனேன். வாங்கினேன். அடுத்தவன்கிட்ட குடுத்தேன்."

"ஜெயிச்சியளா?"

"ஜெயிச்சோம். கோப்பை பள்ளிக்கூட ஸ்டோர் ரூம்ல கெடக்கு."

"அவரு?"

"அன்னைக்குப் பொறவு ஆட வரல. எங்கிட்டப் பேசவும் இல்ல. இருபத்தாறு வருஷம் ஆச்சு. சமாதானபுரத்துல மாவு மில் வச்சிருக்கான்."

"இங்கன இருந்து அஞ்சு நிமிஷம் சார்."

"அஞ்சு நிமிஷந்தான். அந்தத் தெரு வழியா நான் போறதில்ல. கோயிலுக்குச் சுத்தித்தான் போவேன்."

கொம்பையாவுக்கு அது புதிய செய்தி. இத்தனை வருஷம் பழகியும் அந்தப் பெயரைச் சார் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை.

"அப்போ நான் போகாம இருந்தது சரிதானா?"

சார் கிழங்கைத் தட்டில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டி கொண்டாந்திருக்கியா?"

"இருக்கு சார்."

"எடு."

மாவு மில்லில் கூட்டமாக இருந்தது. ஏழெட்டுப் பெண்கள் தூக்குவாளியும் பையுமாக நின்றிருந்தார்கள். உள்ளே ஒருவர் அரிசியைத் தள்ளிக்கொண்டிருந்தார். தலை, புருவம், கை எல்லாம் மாவு. வாட்டசாட்டமான ஆள். அறுபது வயது இருக்கும்.

ஜெபசிங் சார் வாசலில் நின்றார். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி அரிசியைத் தள்ளினார்.

"தவசி" என்றார் சார். மில் சத்தத்தில் அது கேட்கவில்லை. கொம்பையா கூப்பிடப் போனார். சார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். தாமே இரண்டு எட்டு உள்ளே போனார். வெள்ளைச் சட்டையில் மாவு படிந்தது.

"தவசி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

தவசிமுத்து காதில் கைவைத்து, கேட்கவில்லை என்று காட்டினார்.

சார் சத்தமாகச் சொன்னார். எழுபது வயது தொண்டை. பாதியில் உடைந்தது.

"சேலத்துல நான் உங்கிட்ட பந்த வாங்கினது தப்பா?"

தவசிமுத்து கையிலிருந்த வாளியை இறக்கி வைத்தார். சுவர்ப் பக்கம் போய் மில்லை நிறுத்தினார். பெல்ட் ஓய்ந்து நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நின்றிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாங்குனதுக்கு என்ன அண்ணாச்சி" என்றார். "மேனேஜர்னா வாங்கத்தான செய்யணும்."

"பொறவு ஏன்டே வராம போனே?"

"நீங்க வந்திய. கைய நீட்டுனிய. கண்ணு அங்கன நின்ன அடுத்த ஆளு மேல இருந்துச்சு." அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "எட்டு வருஷம் என் பந்தப் பிடிச்சது நீங்கதான். அன்னைக்கு ஒரு தடவகூட என்னப் பாக்கலயே."

சார் இன்னும் ஒரு எட்டு கிட்டப் போனார்.

"பாத்தா வாங்க முடியாதுன்னு நெனச்சேன் தவசி."

"பாத்திருந்தா நானே குடுத்திருப்பேன்."

ஒரு பெண், "எனக்குக் கோதுமை அண்ணே, நேரமாவுது" என்றாள். தவசிமுத்து சுவர்ப் பக்கம் போனார். ஸ்விட்சில் கை வைத்தபடி திரும்பினார்.

"ஞாயித்துக்கெழம கூட்டம் அண்ணாச்சி. இனி வந்தா செவ்வா, புதன் பாத்து வாங்க. உக்காந்து பேசலாம்."

மில் மறுபடி ஓடத் தொடங்கியது.

திரும்பும்போது சார் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் கை கொம்பையாவின் தோளில் இருந்தது. கொம்பையா வண்டியை மெதுவாக ஓட்டினார். சாலமோன் திரும்பிப் பார்த்த அந்த நொடிதான் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு காலைக் கோட்டுக்கு அப்பால் வைத்திருந்தார். இன்னும் ஐம்பது அடி எடுத்து வைத்திருந்தால், கிட்டப் போய்ப் பார்த்திருந்தால், வா என்கிறானா வராதே என்கிறானா என்று தெரிந்திருக்கும். தூரத்திலிருந்தே தெரியும் என்று நினைத்துவிட்டார்.

வீட்டு வாசலில் சார் இறங்கினார். சட்டையில் இருந்த மாவைத் தட்டவில்லை.

"சார்."

"என்னடே?"

"அஞ்சு நிமிஷ தூரம். இருபத்தாறு வருஷத்துல ஒரு நாளாவது போய் இதக் கேட்டிருக்கலாமே?"

ஜெபசிங் சார் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் ஜெயிச்சுட்டேம்லா, கொம்பையா."