கலாபன் தைக்கச் சொன்ன படம்

மலையடிவாரக் காட்டில், ஒரு குளக்கரையில் கலாபன் என்ற மயில் வாழ்ந்தது. தோகை நீளத்தில் அதற்கு ஈடு அந்தக் காட்டில் இல்லை. அதை யாரும் மறந்துவிடாதபடி கலாபனே பார்த்துக்கொண்டது.

அதே கரையில் பூரணி என்ற தையல்சிட்டும் குடியிருந்தது. மற்ற சிட்டுகள் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும். பூரணிக்கு அது போதவில்லை. இலவம்பஞ்சைத் திரித்து, பூச்சாற்றில் நனைத்து, தேக்கிலையில் பூவும் கொடியுமாகத் தைக்கும். அது தைத்த தும்பியைப் பிடிக்கப் பாய்ந்து ஒரு தவளை மூக்கை இடித்துக்கொண்டது. அன்றிலிருந்து காடு முழுக்கப் பூரணியின் பேச்சுதான்.

கலாபனுக்கு அது பொறுக்கவில்லை. ஆனாலும் சண்டைக்குப் போகாமல், தன் உருவத்தைத் தைத்துத் தரும்படி கேட்டது. மழைக்காலத்தில் பெண்மயில்கள் அந்தக் கரைக்கு வரும். தான் ஆடும்போது பின்னால் தன் படமும் தொங்கினால், மற்ற ஆண்மயில்களை ஒருத்தியும் திரும்பிப் பார்க்க மாட்டாள் என்று நினைத்தது.

பூரணி ஆசையோடு வேலையைத் தொடங்கியது. சங்குப்பூச் சாற்றில் ஊறிய நூலால் கழுத்தைச் சங்கிலித் தையலில் நிரப்பியது. கலாபன் தலையைச் சாய்த்துப் பார்த்து, நிறம் சரிதான், மினுமினுப்பு இல்லையே என்று குறைபட்டுக்கொண்டது.

"அந்த மினுமினுப்பு எந்தப் பூவிலும் கிடைக்காது, மயிலண்ணா. உங்கள் தோகையில்தான் இருக்கிறது," என்றது பூரணி.

பூரணி உள்ளதைச் சொன்னது. கலாபனோ அதை யோசனையாக எடுத்துக்கொண்டது. ஓர் இறகைப் பிடுங்கிக் கொடுத்தது. அதன் இழைகளைப் பிரித்துத் தைத்ததும், படத்தின் கழுத்து வெயிலில் பச்சையும் நீலமுமாக மின்னியது. கலாபன் சொக்கிப்போனது.

பிறகு மார்புக்கு ஓர் இறகு போனது. தோகையின் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொன்று போனது. பிடுங்கும்போது உயிர் போகிற மாதிரி வலித்தது. படத்தைப் பார்த்ததும் வலி மறந்துவிட்டது.

பூரணிக்குத்தான் பயம் வந்தது. "போதும், அண்ணா. மிச்சத்தைப் பஞ்சுநூலிலேயே தைத்துவிடுகிறேன். படம் நிறைய நிறைய நீங்கள் குறைகிறீர்கள்."

"தைப்பது மட்டும்தான் உன் வேலை," என்றது கலாபன்.

மழை பிடித்தது. பெண்மயில்கள் வந்தன. கிளையில் தொங்கிய படத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டன. இவ்வளவு அழகான மயில் எங்கே இருக்கிறது என்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன.

கலாபன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தது. "நான்தான் அது," என்று சொல்லித் தோகையை விரித்தது. மிச்சமிருந்த இரண்டே இரண்டு இறகுகள் எழுந்து காற்றில் ஆடின.

பெண்மயில்கள் சிரிக்கவில்லை. நல்ல குணம் உள்ளவை. அவற்றில் ஒன்று மரியாதையாகவே சொன்னது: "பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். படத்தை மறைக்கிறீர்கள்."

கலாபன் தள்ளி நின்றது.

தன்னைவிடத் தன் படத்தைப் பெரிதாக நினைப்பவன், படம் புகழ்பெறும் நாளில் அதன் பக்கத்திலேயே யாரோ ஒருவனாக நிற்பான்.