பேரில் இருக்கும் குதிரை

அந்த ஆபீஸில் யாரும் யாரையும் குரு என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடுவதாக இருந்தால் ஜெய்தூனைத்தான் கூப்பிட வேண்டும். அவளுக்கு வயது இருபத்தேழு. சிஷ்யர் சிங்கராயருக்கு நாற்பத்தொன்பது.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்தவர். பள்ளியை இழுத்து மூடிவிட்டார்கள். திருச்சியில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் இந்தக் கம்பெனியில் மூன்று மாதச் சோதனைக் காலம். இன்றோடு சரி. நாலு மணிக்கு முதலாளி வந்து விளையாட்டைப் போட்டுப் பார்ப்பார். ஒழுங்காக ஓடினால் வேலை. இல்லாவிட்டால் நன்றி, வணக்கம்.

மணி இரண்டே கால். திரையில் திருவிழா. ராஜா வந்தார், மேளம் கொட்டியது, பொய்க்கால் குதிரைக்காரன் ஆடினான். ஆடிக்கொண்டே இருந்தவன் சட்டென்று குனிந்து புல்லை மேய ஆரம்பித்தான்.

சிங்கராயர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"மேடம், இன்னும் மேயறான்."

ஜெய்தூன் தலையைத் திருப்பவில்லை. "புரோகிராம்ல அவனை எதுக்கு வாரிசா எழுதினீங்க?"

"குதிரைக்கு."

ராஜாவின் லாயத்தில் நாற்பது குதிரை. ஓடுவது, மேய்வது, உதைப்பது எல்லாம் 'குதிரை' என்ற ஒரே கிளாஸில், அதாவது புரோகிராமில் குதிரைக்கென்று ஒதுக்கிய பகுதியில், ஏற்கெனவே எழுதியிருந்தது. ஆட்டக்காரன் அதற்கு வாரிசு என்று ஒரு வரி போட்டுவிட்டால், அத்தனையும் அவனுக்குத் தானாக வந்து சேரும். வேலை மிச்சம் என்று போட்டுவிட்டார். சும்மா வருகிறது என்றால் எதையும் வாங்கி வைக்கிற ஜாதி.

"ஏன் குதிரைக்கு?"

"பேரிலேயே குதிரை இருக்கே மேடம்!"

"உங்க பேரிலே சிங்கம் இருக்கே சார். எங்கே, ஒரு தடவை கர்ஜிங்க பார்ப்போம்."

பக்கத்து நாற்காலிகள் சிரித்தன. சிங்கராயருக்குக் காது சுட்டது.

ஆட்டக்காரன் மேயப் போகிற இடத்தில் 'ஒன்றும் செய்யாதே' என்று எழுதி வைத்தார். மேய்வதை விட்டான், மேளக்காரனை உதைத்தான். அதற்கும் ஒரு 'ஒன்றும் செய்யாதே'. நின்றபடியே தூங்கினான். அதற்கும் ஒன்று. ஏழு ஆயிற்று. பொறுமை போய், குதிரை கிளாஸிலிருந்தே மேய்வதை வெட்டி எறிந்தார்.

ஆட்டக்காரன் அழகாக ஆடினான். லாயத்தில் நாற்பது குதிரையும் பட்டினி கிடந்து வரிசையாகச் செத்து விழுந்தன.

மணி மூன்று.

"மேடம், என்னால முடியல. இவன் குதிரையா மனுஷனா, அதை மட்டும் சொல்லிடுங்க. அம்பது வயசுல இன்னொரு இடத்துல என்னை யார் சேர்ப்பாங்க?"

ஜெய்தூன் எழுந்தாள். "வாங்க."

அடுத்த அறையில் தவசி இருந்தார். ஆட்டத்தைப் படம் பிடிக்கத் தஞ்சாவூரிலிருந்து வரவழைத்த நிஜப் பொய்க்கால் குதிரைக்காரர். இடுப்பில் குதிரைக் கூடு, கழுத்தெல்லாம் வேர்வை.

"அண்ணே, டீ வந்திருக்கு."

தவசி கயிற்றை அவிழ்த்தார். கூட்டைத் தலைவழியாகத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். மேஜைமேல் உட்கார்ந்து மரக்கால்களைக் கழற்றினார். பிறகு டீயை உறிஞ்சினார்.

"குதிரைக்கு ஒரு வடை குடுக்கலாமாண்ணே?"

தவசிக்குச் சிரிப்பில் டீ புரையேறியது. "அது என்னத்தம்மா கேக்கப்போவுது? போன மாசம் மயில் கட்டினேன். அதுவும் ஒண்ணும் கேக்கல."

சிங்கராயர் சுவரைப் பார்த்தார். தவசியைப் பார்த்தார். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் ஓடினார்.

மேய்வதைக் குதிரைகளுக்கே திருப்பிக் கொடுத்தார். ஏழு 'ஒன்றும் செய்யாதே'யையும் அழித்தார். ஆட்டக்காரனை 'மனிதன்' என்ற கிளாஸுக்கு வாரிசு ஆக்கினார். அவன் இடுப்பில் எதையும் மாட்டிக்கொள்ள ஓர் இடம் வைத்தார். அதில் குதிரைக் கூட்டை மாட்டினார்.

நாலு மணிக்கு முதலாளி நின்றுகொண்டே பார்த்தார். ஆட்டக்காரன் ஆடினான். குதிரைகள் நிம்மதியாக மேய்ந்தன.

"இதே ஆளுக்கு மயில் மாட்ட முடியுமா?"

"படம் வந்துட்டா பத்து நிமிஷம் சார்."

"சரி. நாளையிலேருந்து ஒன்பது மணிக்கே வந்துடுங்க."

வேலை நிச்சயமான மனிதர் அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஐந்து மணிக்கு ஜெய்தூன் பையை எடுத்தபோது, ராஜாவின் குதிரை அவர் திரையில் வால் வேறு, பசி வேறு, மூச்சு வேறாகப் பிரிந்து கிடந்தது.

"என்ன சார் பண்றீங்க?"

"இனிமே வாரிசு சமாச்சாரமே கிடையாது மேடம். எல்லாம் மாட்டிக்கறதுதான். நாற்பது குதிரையையும் பிரிச்சுட்டிருக்கேன்."

கிளம்புவதற்காகத் தவசி அந்தப் பக்கம் வந்தார். ஜெய்தூன் நிறுத்தினாள்.

"அண்ணே, உங்கப்பாகிட்டேருந்து உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"என்ன வந்துச்சு? இந்த மூக்கும் முன்கோபமும்தான்."

"மூக்கைக் கழட்டிக் குடுத்துட்டுப் போறீங்களா? சார் கேக்கறார்."

"அவரு மூஞ்சிக்கு அது பொருந்தாதும்மா" என்றபடி தவசி படியிறங்கினார்.

சிங்கராயர் திரையைப் பார்த்தார். விரல் விசைப்பலகையின் மேல் அந்தரத்தில் நின்றது. "அப்போ எதை மாட்டறது, எதை விடறது மேடம்?"

ஜெய்தூன் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"தவசி அண்ணன் கயிறு கட்டித்தான் குதிரையானாரு. அந்தக் குதிரை மேயறதுக்கு யார்கிட்டயும் கயிறு வாங்கிக் கட்டிக்கல சார்."