மலைக்கு எடுத்த பாஸ்போர்ட் போட்டோ

ராசிபுரம் கடைவீதியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அங்கமுத்துவிடம் மாதேசு ஏழு வருஷமாக வேலை பார்க்கிறான். வேலை என்றால் பாஸ்போர்ட் போட்டோ எடுப்பது, கத்தரிப்பது, கவரில் போட்டுக் கொடுப்பது. அதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கல்யாணத்துக்குக் கொண்டுபோகிற பெரிய கேமராவை மட்டும் அங்கமுத்து அவனைத் தொடவே விட்டதில்லை.

அங்கமுத்துவுக்கு ஒரே மகள், பேர் கோமளா. அவள் மாதேசுவைப் பார்த்துச் சிரிக்கிற விஷயம் மாதேசுவைத் தவிர கடைவீதி முழுக்கத் தெரிந்திருந்தது. கடைசியில் அவனுக்கும் தெரிந்து, ஒரு சனிக்கிழமை காலையில் பெண் கேட்டுவிட்டான். அங்கமுத்து கோபப்படவில்லை. கத்தரிக்கோல் பிடிக்கிறவனுக்குப் பெண் கிடையாது, கேமரா பிடிக்கிறவனுக்குத்தான் என்று சொல்லி, பீரோவைத் திறந்து பெரிய கேமராவை எடுத்து நீட்டினார்.

"டவுனுக்குள்ள ரெண்டு படம், காட்டுல ரெண்டு படம். திங்கக்கெழம காலையில கொண்டா. சரியா இருந்தாப் பேசலாம். நான் இங்க சொல்லிக் குடுத்ததுல ஒரு நூலு பிசகக் கூடாது, பாத்துக்க."

அவர் சொல்லிக் கொடுத்தது மொத்தம் நாலே விஷயம். நேராகப் பார்க்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பின்னால் வெள்ளைத் துணி இருக்க வேண்டும். மாதேசு சுவரில் தொங்கிய வெள்ளைத் துணியைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

துணைக்கு அவன் கூட்டாளி பொங்கியண்ணன். ஜவ்வரிசி மில்லில் காயப்போடுகிற வேலை. பத்தாவதை மூன்று தடவை எழுதியவன் என்பதால், ஒரு தடவை எழுதியவர்களைவிட மூன்று மடங்கு படித்தவன் என்று மாதேசுவுக்கு அவன்மேல் மரியாதை. விஷயத்தைக் கேட்டதும் பொங்கியண்ணன் காலில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல் மொபெட்டை எடுத்துவிட்டான்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ்ஸைப் பார்த்ததுமே பஸ்ஸுக்குக் காது எது என்ற கேள்வி வந்தது. தலைக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிற கண்ணாடிதான் காது என்று பொங்கியண்ணன் தீர்ப்புச் சொன்னான். அந்த பஸ்ஸுக்கு இடது கண்ணாடி உடைந்திருந்தது. மாதேசு கண்டக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, வண்டியை நல்ல காது டாக்டரிடம் காட்டச் சொன்னான். அடுத்து வந்த பஸ்ஸுக்கு இரண்டு காதும் திடமாக இருந்தன. பொங்கியண்ணன் பின்னால் போய்த் துணியை விரித்துப் பிடிக்க, முதல் படம் முடிந்தது.

இரண்டாவது படத்துக்கு ஒரு கடைத்தெருவைப் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் போர்டு தொங்கியதால் காதுக்குக் குறைச்சல் இல்லை.

"வாயி தொறந்து கெடக்குதேடா," என்றான் மாதேசு.

"எது வாயி?"

"ஷட்டருதான். சரக்கு உள்ள போறது அது வழியாத்தானே?"

பொங்கியண்ணன் யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டான். இருவரும் ஆளுக்கொரு முனையில் வெள்ளைத் துணியைப் பிடித்தபடி, தயவுசெய்து மூடுங்க என்று கடை கடையாகக் கேட்டுக்கொண்டே போனார்கள். வெள்ளைத் துணியையும் இரண்டு சோக முகங்களையும் பார்த்த முதல் கடைக்காரர் சடாரென்று ஷட்டரை இழுத்தார். அடுத்தடுத்த கடைகளும் மூடின. ஒரு பாத்திரக் கடைக்காரர் மட்டும் போனது யாருங்க என்று கேட்டார். தெரியலீங்க, நீங்க வாயை மூடுங்க என்றான் மாதேசு. அவர் அழவே ஆரம்பித்துவிட்டார். அரை மணி நேரத்தில் இரண்டு கட்சிக்காரர்கள் மாலையோடு வந்து, போனது எங்கள் தலைவர்தான் என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் களேபரத்தில் இரண்டாவது படமும் முடிந்தது.

ராத்திரி பொங்கியண்ணனின் சித்தப்பா வீட்டில் படுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைப் பக்கம் போனார்கள். அடிவாரத்தில் வேலியோரமாக ஒரு எருமை கிடைத்தது; வேலியில் துணியைக் கட்டினார்கள். போட்டோவுக்கென்றே பிறந்த முகம். நேராகப் பார்த்தது, காது இரண்டும் விறைப்பாக நின்றன. ஆனால் அசை போடுவதை நிறுத்தவில்லை. கடையில் வருகிறவர்களிடம் சொல்வதுபோல, கொஞ்சம் வாயை மூடுங்க என்று மாதேசு மரியாதையாகச் சொல்லிப் பார்த்தான். பிறகு எப்படி மூடுவது என்று காட்டுவதற்காகப் பொங்கியண்ணன் எருமைக்கு எதிரே உட்கார்ந்து தன் வாயை இறுக்க மூடிக்கொண்டான். ஒன்றரை மணி நேரம். கடைசியில் எருமை அசை போடுவதை நிறுத்தி அவனையே பார்த்தது. பாவம், பயந்திருக்கும்.

மிச்சம் ஒரு படம், மலை. மேலே ஒரு வளைவில் நின்று பார்த்தால் எதிரே மலை பிரமாதமாக நின்றது. நேர்முகம், இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் குன்று, குகை எதுவும் இல்லாததால் வாயும் மூடித்தான் இருந்தது. பிரச்சினை துணியில் வந்தது.

மலைக்குப் பின்னால் துணி கட்டப் போனால் திங்கட்கிழமை தாண்டிவிடும். மாதேசுவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கோமளா சிரிப்பது இனி வேறு யாரையோ பார்த்துத்தான் என்று அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். பொங்கியண்ணன் எதிரே இருந்த இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டிவிட்டு வந்தான்.

"நம்ம கடையில துணி நவுருமா, ஆளு நவுருவாங்களா?"

"ஆளுதான் வந்து துணிக்கு முன்னாடி ஒக்காருவாங்க."

"மலை வராது. சரி. ஆனா மலை நிக்கிற எடத்துல இருந்து யோசிச்சுப் பாரு. மலை துணிக்கு முன்னாடிதானே நிக்குது? பின்னாடி நிக்கிறது நாமதான்."

மாதேசு மனசால் மலைப் பக்கம் போய் நின்று பார்த்தான். அப்படித்தான் இருந்தது. மூன்று தடவை எழுதியவன் மூன்று தடவை எழுதியவன்தான். துணி முழுசாகப் படத்தில் விழும்படி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான்.

திங்கட்கிழமை காலையில் நாலு படத்தையும் பிரிண்ட் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். உள்வாசல் திரைக்குப் பின்னால் கோமளாவின் கொலுசு கேட்டது. அங்கமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து பஸ்ஸின் காதுகளை அளந்தார். கடைத்தெருவை அளந்தார். எருமையைப் பார்த்தபோது மட்டும், எந்த ஊர்க்காரர் என்று கேட்டார்.

நாலாவது படத்தை எடுத்தார். வெள்ளைத் துணி, துணியைத் தவிர ஒன்றுமில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. ஏழு வருஷமும் போச்சு, கோமளாவும் போனாள் என்று மாதேசு பெரிய கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தான். பொங்கியண்ணன் வாசலில் கிடந்த செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

அங்கமுத்து கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மலை நல்லாத்தான் விழுந்திருக்குது. எடுக்கற நேரம் பாத்துக் கண்ணை மூடிருச்சே, மாப்ளே."