செம்பி கட்டிய கூடு

மலையடிவாரத்தில் ஒரு காடு. அங்கே ஒரு மாமரத்தில் முசுறு எறும்புகள் குடியிருந்தன. இலைகளை இழுத்துச் சேர்த்து, ஒட்டிக் கூடு கட்டும் சிவப்பு எறும்புகளைப் பார்த்திருப்பீர்களே குழந்தைகளே, அவைதாம்.

அவர்களுக்குத் தலைவி செம்பி. யாராவது சும்மா நின்றால் அவளுக்குப் பொறுக்காது.

ஒரு நாள் பலத்த காற்றில் கூடு இருந்த கிளை முறிந்து தொங்கியது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் புதுக்கூடு கட்டி முட்டைகளை மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் அத்தனை முட்டையும் போய்விடும்.

செம்பி ஒரு கூட்டத்தை வேறொரு கிளைக்கு இலை இழுக்க அனுப்பினாள். ஒருத்தி காலை இன்னொருத்தி பிடித்துச் சங்கிலியாய்த் தொங்கி, இரண்டு இலைகளை நெருக்கத் தொடங்கினார்கள். பக்கத்தில் நூலி என்ற எறும்பும் அவள் தோழிகளும் முட்டையிலிருந்து வந்த குட்டிப் புழுவை ஆளுக்கொன்றாய் ஏந்தி நின்றார்கள். அந்தப் புழுக்கள் விடும் நூல்தான் முசுறுகளுக்குப் பசை.

“ஏன் நிற்கிறீர்கள்?” என்றாள் செம்பி.

“இலைகள் சேரட்டும் அக்கா. சேர்ந்ததும் ஒட்டுவோம்,” என்றாள் நூலி.

“அதுவரை வேடிக்கையா? புழுவை வைத்துவிட்டுப் போய் முட்டை சுமந்து வாருங்கள்.”

போனார்கள். இப்போது மரத்தில் ஓடாத கால் இல்லை. செம்பிக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் கொண்டுவந்த முட்டைகளை எங்கே வைப்பது? கூடுதான் இன்னும் ஆகவில்லையே. விரிந்து கிடந்த இலைமேலேயே குவித்தார்கள்.

ஒருவழியாக இலை ஓரங்கள் தொட்டன. “பசை கொண்டு வாருங்கள்,” என்று இழுத்தவர்கள் கூப்பிட்டார்கள். பசைக்காரர்கள் பழைய கிளையில் முட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம்தான் பிடித்திருப்பது? பிடி நழுவியது. இலை சடாரென்று விரிய, மேலே இருந்த முட்டைகள் பொலபொலவென்று மரத்தடியில் ஓடிய ஓடைக்குள் உதிர்ந்தன.

செம்பி பதறிப்போனாள். அழவும் நேரமில்லை.

“மிச்ச முட்டைகள் பழைய கூட்டிலேயே இருக்கட்டும். நூலி, புழுவோடு வந்து இலை ஓரத்தில் நில். இலை சேரும்வரை வேறெதையும் தொடாதே.”

இலை சேர்ந்தது. நூலி ஒட்டினாள். அதன்பிறகே முட்டைகள் வந்தன. கடைசி முட்டை உள்ளே போனதும் மழை பிடித்துக்கொண்டது.

“எல்லாரும் ஓடி ஓடித்தானே உழைத்தோம் அக்கா. பிறகு ஏன் பாதி முட்டை போயிற்று?” என்று இலை இழுத்த ஒருத்தி கேட்டாள்.

“ஓடச் சொன்னவள் நான்தான்,” என்றாள் செம்பி. அன்று அவள் கூட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே நனைந்துகொண்டிருந்தாள்.

நீதி: எல்லாருக்கும் வேலை கொடுத்தால் மட்டும் காரியம் முடியாது, எதன்பின் எது என்று அறிந்து, காத்திருக்க வேண்டியவரைக் காத்திருக்க விடவேண்டும்.