மாடி ஏறிய நரிவீடு

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. மனிதர்களும் காது கொடுத்துக் கேட்டார்கள், அதுதான் பெரிய விஷயம். அப்போது ஜப்பான் நாட்டில் ஓர் ஊரில் கிசுகே என்ற துணி வியாபாரியும் அவன் மனைவி சாயோவும் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார்கள். கடைக்குப் பின்னால் முட்புதரை ஒட்டி ஒரு பெண் நரி வளை தோண்டிக் குடியிருந்தது. சாயோ அதை நரியக்கா என்றுதான் கூப்பிடுவாள். நரி என்றாலே தந்திரம் என்று நாம் கதை கட்டி வைத்திருக்கிறோம். இந்த நரிக்கு அந்தக் கதை எட்டவில்லை போலும், அது பாட்டுக்கு இருந்தது.

ஒரு மத்தியானம் ஊரில் தீப்பிடித்தது. எல்லாம் மரவீடுகள், அதோடு பேய்க்காற்று வேறு, கேட்க வேண்டுமா? கிணற்றடியிலிருந்து சாயோ ஓடி வருவதற்குள் கடை பற்றி எரிந்துகொண்டிருந்தது. உள்ளே தொட்டிலில் கைக்குழந்தை. அவள் தலையில் அடித்துக்கொண்டு தீக்குள் பாயப் போனாள், அக்கம்பக்கத்தார் பிடித்துக்கொண்டார்கள். தீ அடங்கிப் புகை கலைந்த பிறகு, நரிவளையிலிருந்து அழுகுரல் கேட்டது. குழந்தையைத் துணியோடு கவ்வி இழுத்து வந்து உள்ளே கிடத்திவிட்டு, நரி வளையின் வாயை அடைத்துப் படுத்திருந்தது. அதன் முதுகு ரோமமெல்லாம் கருகி, பின்னங்கால் ஒன்றும் வெந்து போயிருந்தது.

"உனக்கு என்ன வேணும்னு கேளு அக்கா" என்றாள் சாயோ, குழந்தையை விடாமல் அணைத்துக்கொண்டு.

"எனக்கென்ன வேணும் தங்கச்சி? வளை வாசல்ல படுத்து வானத்தைப் பார்த்துக்கிட்டே தூங்கிப் பழகிட்டேன். என் வீட்டுக்கு மேல கூரை போடாம இருந்தா போதும்."

"போட மாட்டோம். உன் வீட்டுக்கு மேல எங்க கடை ஒருநாளும் வராது" என்று கிசுகே கையடித்துக் கொடுத்தான்.

கடை மறுபடி எழுந்தது. ஆளைப் பார்த்து விலை சொல்லும் வழக்கம் சாயோவிடம் கிடையாது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வந்தவர்களை வணங்கித்தான் அனுப்புவாள். கூட்டம் பெருகியது. கடை நாலு பக்கமும் வளர்ந்து நரிவளையைச் சூழ்ந்துகொண்டது. வளைக்கு மேலே மட்டும் திறந்தவெளி. மழை பெய்தால் சாரல் பட்டுத்துணியில் அடித்தது.

மாடி எடுக்க நினைத்துத் தச்சரை வரவழைத்தார்கள். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நடுத்தூண் இந்த வளை மேலதான் நிக்கணும் முதலாளி. ஒரு நரிக்காக யாராவது கடையை நனைய விடுவாங்களா?"

கிசுகே வளையையும் நனைந்த பட்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்பார்களே, அந்த நினைப்பு அவன் முகத்தில் ஓடியதைச் சாயோ பார்த்துவிட்டாள். நரியும் பார்த்துவிட்டது.

மறுநாள் காலை வளை காலியாகக் கிடந்தது. பனியில் மலைப்பக்கமாகக் கால்தடம் போயிருந்தது. சாயோ செருப்புகூட மாட்டாமல் ஓடினாள். பாதி மேட்டில் நரி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எங்க கிளம்பிட்டே?"

"உன் வீட்டுக்காரரைச் சங்கடத்துல வைக்க மனசில்ல தங்கச்சி. கடை வளரட்டும்."

"இந்தக் காலை வச்சுக்கிட்டு மலை ஏறிடுவியா? என் பிள்ளை உன் வீட்டுல பிழைச்சுது. உன்னைத் தெருவுல விட்டுட்டு எனக்கு எத்தனை மாடி இருந்து என்ன பிரயோஜனம்?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அழுதபடி ஊர்ப்பக்கம் திரும்பினாள். மேட்டிலிருந்து பார்க்கக் கூரைகளெல்லாம் கீழே கிடந்தன. வானம் அவற்றுக்கு மேலே அப்படியே இருந்தது. அட, இதற்கா இத்தனை அழுகை என்று அவளுக்கே தோன்றியது.

"வானம் எங்கயும் போயிடல அக்கா. கடை மேல போனா நீயும் மேல வா."

துணிமூட்டை சுமப்பது போல நரியை முதுகில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வாசலில் நின்ற கிசுகேயால் அந்த நரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மண்வெட்டியை எடுத்து, வளையின் மண்ணை முட்புதர் வேரோடு கூடையில் அள்ளினான். முதல் மாடி எழும்பியதும் மண் அதன் மேலே ஏறியது, நரியும் கூடவே ஏறியது. அடுத்த மாடி எழும்பியது, மறுபடி தூக்கு கூடையை. கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். தச்சர் முணுமுணுத்துக்கொண்டேதான் தூக்கினார், ஆனால் தூக்கினார்.

ஒரு வசந்தகாலத்தில் நரி வானத்தைப் பார்த்தபடியே கண்மூடியது. சாயோ வெகுநாள் அந்தப் பக்கம் போனாலே அழுதாள். பிறகு அன்று தீயில் பிழைத்த மகள் பெரியவளாகிப் பக்கத்து ஊரில் புதுக்கடை திறந்தாள். அங்கேயும் உச்சியில் கொஞ்சம் இடம் விடச் சொன்னபோது, நரிதான் இல்லையே, யாருக்காக என்று தச்சர் கேட்டார்.

"நரி போயிடுச்சுன்னா வாக்கும் போயிடுமா?" என்று சொல்லிவிட்டு, வளை மண்ணில் ஒரு பிடியை அவள் துணியில் முடிந்துகொண்டு போனாள்.

அன்று முதல்தான் அந்த நாட்டின் பெரிய பெரிய கடைகள் எத்தனை மாடி உயர்ந்தாலும், உச்சியில் திறந்த வானத்தின் கீழ் நரிக்கென்று ஒரு குட்டி வீடு இருக்கிறது. அதற்கு மேலே யாரும் எதையும் விற்பதில்லை.