பம்மன் நரி கட்டிய மணி

தாமரைக் குளத்தில் ஓர் இலைக்கோழி இருந்தது. அதன் பெயர் நெட்டைவிரல். கால்விரல்கள் அத்தனை நீளம்! அவற்றைப் பரப்பி வைத்து, மிதக்கும் தாமரை இலைகளின் மேல் ரோட்டில் போவது போல நடந்து போகும்.

இலைக்கோழிகளில் முட்டையிட்டதோடு அம்மாவின் வேலை முடிந்தது. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பன் பாடு. ஆபத்து வந்தால் அப்பன் குஞ்சைச் சிறகுக்குள் இடுக்கிக்கொண்டு ஓடும். குஞ்சின் கால்கள் மட்டும் வெளியே தொங்கும்.

நெட்டைவிரலின் முட்டைகளைத் தண்ணீர்ப் பாம்பு தின்றுவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு குஞ்சுதான். அதன் மேல் அப்பனுக்கு உயிர். எதைக் கண்டாலும் வெடுக்கென்று கொத்தி விழுங்கும் என்பதால், அதற்கு வெடுக்கு என்றே பெயர்.

கரையில் ஒரு நொச்சிப் புதர். அதற்குள் பம்மன் என்ற நரி குடியிருந்தது. பம்மனுக்கு வெடுக்கைத் தின்ன வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஆனால் இலை மேல் கால் வைத்தால் சேற்றில் புதைந்துவிடும். பாவம், பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுதான் மிச்சம்.

ஒருநாள் பம்மன் ஒரு தோட்டத்து வேலியோரம் பதுங்கியிருந்தது. அந்த வீட்டு அம்மாள் அலுமினியத் தட்டைக் கரண்டியால் தட்டினாள். எங்கோ கிடந்த நாய் பறந்து வந்தது. ஒரு கருவாட்டுத் தலை கிடைத்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் தட்டில் ஒன்றுமே இல்லை. நாய் அன்றும் பறந்து வந்தது. அவள் அதைக் கப்பென்று பிடித்துக் குளிப்பாட்டிவிட்டாள்!

"அடடே! தட்டு காலி, நாய் கையில!" என்று பம்மன் குதித்தது.

வரும் வழியில் ஒரு குட்டி ஆட்டுமணி கயிற்றோடு கிடந்தது. பம்மன் அதைக் கவ்வி வந்து நொச்சிக் கிளையில் மாட்டியது. புற்றைத் தோண்டிக் கொஞ்சம் கறையானைப் பூவரச இலையில் அள்ளித் தண்ணீர் ஓரம் வைத்தது. பிறகு புதருக்குள் போய் மணியைத் தட்டியது.

கிணிங்! கிணிங்!

வெடுக்கு எட்டிப் பார்த்தது. கறையானைக் கண்டது. அவ்வளவுதான், இலை காலி!

"அது நரி வெச்ச தீனிடா! போகாத!" என்று அப்பன் கத்தியது.

"நல்லா இருக்குப்பா! உங்களுக்கும் ரெண்டு கொண்டு வரட்டுமா?" என்றது வெடுக்கு.

அன்று முதல் தினமும் மணி அடித்தது, தினமும் கறையான் வந்தது. அப்பன் சிறகுக்குள் இறுக்கிப் பிடித்தாலும், மணி கேட்டதும் வெடுக்கு நழுவி ஓடிவிடும். பூவரச இலையோ நாளுக்கு நாள் புதரை நோக்கி நகர்ந்தது. குஞ்சுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை. வேறு குளத்துக்குப் பறந்துபோகவும் வழியில்லை.

பம்மனுக்கோ ஒரே கும்மாளம். மணியைத் தட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும். வெடுக்கைக் கடிப்பது போல நினைத்துக்கொள்ளும். எச்சில் சொட்டும். பின்னங்கால்கள் பாயத் துடிக்கும்.

"இன்னும் ஒரு நாள் பொறு. நாளைக்குப் புதரடியிலதான் இலை!" என்று தன் வயிற்றைத் தடவிக் கொடுத்துவிட்டுப் படுத்தது.

அந்த நேரம் பார்த்துக் காற்று வீசியது. மணி தானாக ஆடியது.

கிணிங்!

வெடுக்கு பாய்ந்தது. அப்பன் அதன் காலைக் கவ்வி இழுத்தது. இழுத்துக்கொண்டே கரையைப் பார்த்தால், என்ன வேடிக்கை! தூங்கிக்கொண்டிருந்த பம்மனும் துள்ளிப் பாய்ந்து, வாய் நிறைய மண்ணைக் கவ்வியிருந்தது!

"ஓஹோ! இவருக்கும் பாடம் நல்லா ஏறியிருக்கே!" என்று நெட்டைவிரல் முணுமுணுத்தது.

மறுநாள் பம்மன் கறையான் எடுக்கப் புற்றுக்குப் போனது. நெட்டைவிரல் பறந்துபோய்க் கயிற்றைக் கொத்தி அறுத்து, மணியைத் தூக்கிக்கொண்டு நடுக்குளத்துத் தாமரை இலைக்கு வந்தது. பம்மன் திரும்பி வந்தது. கிளையில் மணியைக் காணோம்!

"எங்கடா என் மணி?"

"இங்க இருக்கு அண்ணே!" என்று சொல்லி நெட்டைவிரல் மணியை ஆட்டியது.

கிணிங்! கிணிங்!

வெடுக்கு இலைக்கு இலை தாவி ஓடி வந்தது. அப்பன் அதன் வாயில் ஒரு குட்டி நத்தையைத் திணித்தது.

பம்மனுக்கும் விஷயம் புரியாமல் இல்லை. "போகாத! அது குளம்! நில்லு காலே, நில்லு!" என்று அலறியது. வாய் சொன்னதைக் கால் கேட்டால்தானே! எச்சிலை ஒழுகவிட்டுக்கொண்டு ஒரே பாய்ச்சல். கழுத்து வரை சேறு. தலையில் ஒரு தாமரை இலை.

"அண்ணே, குடை நல்லா இருக்கு!" என்றது வெடுக்கு.

தாமரைத் தண்டுகளைப் பிடித்து இழுத்து, பம்மன் ஒருவழியாகக் கரையேறியது. நெட்டைவிரல் மணியைச் சேற்றுக்குள் போட்டுவிட்டது. அதோடு தொல்லை தீர்ந்தது என்றுதான் அது நினைத்தது.

ஆனால் அதன் பிறகு அந்தக் கரைக்குத் தினமும் ஓர் ஆட்டு மந்தை மேய வரத் தொடங்கியது. ஆட்டுக்கு ஆடு கழுத்தில் மணி! சத்தம் கேட்டதும் பம்மன் எச்சில் வழிய மந்தைக்கு நடுவே போய் நிற்கும். ஆட்டுக்காரரின் தடி முதுகில் விழும். "கூப்பிட்டுட்டு அடிக்கிறாங்களே!" என்று அழும். அடுத்த மணிக்கு மறுபடி ஓடும். கடைசியில் அடி தாங்காமல், ஆடே மேயாத பாறைக்காட்டுக்குக் குடிபோனது.

வெடுக்கு என்ன செய்தது தெரியுமா? அன்று தின்ற நத்தையின் ருசியில், ஆட்டுமணி கேட்டதும் ஓடிவந்து, அப்பனின் சிறகுக்குள் புகுந்துகொண்டு வாயைத் திறந்தது. அப்பனின் மூக்கு தானாகவே தண்ணீருக்குள் போய் நத்தையைத் தேடியது. ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு நத்தை! மந்தை போய்ச் சேர்வதற்குள் நெட்டைவிரலுக்கு மூச்சு வாங்கிவிடும்.

"அப்பா, இன்னொரு ஆடு வருது!"

"தெரியுதுடா, தேடிக்கிட்டுதான் இருக்கேன்!" என்றது அப்பன், தலையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே.

பிறரைத் தன் மணிக்கு ஆடப் பழக்குகிறவன், அந்த மணிக்குத் தானும் சேர்ந்தே ஆட வேண்டியிருக்கும்.